'யூ' என்றொரு சிறு சொல்

பங்குக் கோவிலில் பிள்ளைகள் முதன்முறையாக ஆண்டவரை உட்கொள்ளும் நாளைப் 'புதுநன்மை' என்கிறோம். "நன்மை வாங்கினாயா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதும் உண்டு. அப்பம் என்றோ விருந்து என்றோ சொல்லாமல், வெறுமனே 'நன்மை' என்று சொல்லும் வழக்கம் எத்துணை அழகியது! இதற்கு ஒத்த பொருளுடைய சிறு சொல் ஒன்று கிரேக்க மொழியில் உண்டு. அது உலக மொழிகள் பலவற்றினுள் புகுந்து செய்துள்ள நன்மையும் தீமையும் நாம் அறியத்தக்கவை.

கிரேக்கத்தில் இரண்டே எழுத்துக்களால் ஆன அச்சொல் 'எஉ' என்பதாம். ஆங்கிலத்தின் வழியாக நமக்கு அது 'யூ' என்று வந்து சேர்ந்தது. 'நல்ல', 'நன்றாக' என்பது பொருள். 'காரிஸ்' என்றால் அருள், கருணை. இவ்விரண்டும் இணைந்த 'எவுகாரிஸ்தியா' நன்றி செலுத்துதலைக் குறித்தது. ஆண்டவர் இராவுணவின்போது அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் அன்றோ? அதனால் அத்திருவிருந்துக்கே அப்பெயர் நிலைத்தது. நம் 'நற்கருணை'யைப் பிரித்துப் பாருங்கள்: நல், கருணை. கிரேக்கச் சொல்லோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்தி நிற்கிறது. நன்றி என்ற பொருள் விடுபட்டதோ எனில், தமிழில் 'நன்றி'யும் 'நன்று' என்பதோடு உறவுடையதே. இன்றும் ஏதென்ஸ் நகரத்துக் கடையில் காய்கறி வாங்குபவர் 'எஃப்ஹாரிஸ்தோ' என்று சொல்லி நன்றி தெரிவிக்கிறார். நாம் பீடத்தருகே பயன்படுத்தும் சொல் அங்கே சந்தைச் சொல்லாகவும் வாழ்கிறது.

'எவாங்கெலியோன்' என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நல்ல செய்தி என்பது பொருள். இயேசு பிறப்பதற்கு முன்னரே, அகுஸ்து பேரரசனின் பிறந்தநாளைப் போற்றும் கி.மு. 9-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. அரண்மனைச் சொல்லைத்தான் முதல் கிறிஸ்தவர்கள் எடுத்து, தச்சரின் மகனுக்குச் சூட்டினர். இத்தாலியர் நாவில் முதலெழுத்து தேய்ந்து 'வாஞ்ஜேலோ' ஆயிற்று. அரபு மொழியில் 'இஞ்சீல்' ஆயிற்று. நம் இஸ்லாமியச் சகோதரர்கள் இன்றும் இச்சொல்லையே வழங்குகின்றனர். தமிழர் இதனை இருமுறை பெயர்த்தனர். முதலில் 'சுவிசேஷம்', பின்னர் 'நற்செய்தி'. சுகந்தம், சுமங்கலி ஆகியவற்றில் வரும் வடமொழிச் 'சு'வும் கிரேக்கத்து 'எஉ'வும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழிநூலார் முடிபு. எனவே 'சுவிசேஷம்' என்று பெயர்த்தவர்கள் உடன்பிறப்பையே அழைத்து வந்து முன்னே நிறுத்திவிட்டனர்!

ஞானஸ்நானப் பெயர்களிலும் இச்சொல்லைக் காணலாம். 'யூஜின்' நற்குடிப் பிறந்தவர். திமொத்தேயுவின் தாய் யூனிக்கி நல்வெற்றி உடையவள். திருத்தூதர் பணி நூலில் வரும் யூத்திகு 'நற்பேறு பெற்றவன்'. பவுலடியாரின் பிரசங்கம் நள்ளிரவுவரை நீண்டபோது உறங்கிப்போய் மூன்றாம் மாடியினின்று விழுந்து இறந்தவன் அவனே. பவுலடியார் அவனை உயிருடன் மீட்டதால் பெயர் பொய்க்கவில்லை. (நீண்ட பிரசங்கம் செய்வோர் இப்பகுதியைச் சற்று நினைவிற்கொள்வது நலம்.)

இனி, மறுபக்கம். அஞ்சத்தக்கதை நல்ல பெயரிட்டு அழைப்பது மனித இயல்பு. கப்பல்களை விழுங்கிய கருங்கடலைக் கிரேக்கர் முதலில் 'விருந்தோம்பாக் கடல்' என்றனர். பின்னர் அச்சொல்லின் தலையை மாற்றி 'எவுக்சைனோஸ்', அதாவது 'நன்கு விருந்தோம்பும் கடல்' என்றனர். நாமும் நாகத்தை 'நல்ல பாம்பு' என்கிறோம். விளக்கை அணைக்கச் சொல்லாமல் 'குளிர வை' என்கிறோம். நம் இலக்கணத்தார் இதனை மங்கல வழக்கு என்றனர். அதில் தவறில்லை. 'நல்ல பாம்பு' என்று சொல்பவர் எவரும் அதன் வாயில் விரலை வைப்பதில்லை.

ஆனால் பெயரை நம்பி விரலை வைத்த காலமும் வந்தது. 1883-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், யூஜின் என்னும் பெயர் பிறந்த அதே வேரிலிருந்து 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். நற்குடிப் பிறப்பைப் பெருக்கும் கலையாம் அது! யாருடைய பிறப்பு நல்லது என்று தீர்மானிப்பவர் யார்? அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டோர் பிள்ளை பெறாதபடி அறுவைக்கு உள்ளாயினர். 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதற்கு இசைந்தது. பதினொன்றாம் பத்திநாதர் 1930-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இதனைக் கண்டித்தார். பெரோயா நகரத்து யூதர் நற்குடிப் பண்பினர் என்று திருத்தூதர் பணி நூல் புகழும்போது இதே கிரேக்கச் சொல்லைத்தான் கையாள்கிறது. அவர்கள் இறைவார்த்தையை ஆர்வத்தோடு ஏற்று, நாள்தோறும் மறைநூலை ஆராய்ந்தனர் என்பதே அங்குக் கூறப்படும் காரணம். குருதியைப் பற்றிய பேச்சே இல்லை.

'தானத்தோஸ்' என்றால் மரணம். அதன் முன் 'யூ' சேர்ந்தால் 'யூத்தனேசியா', நல்ல மரணம். நோவின்றி விரைவில் இறந்தோரைப் பற்றிக் கேள்வியுறும்போதெல்லாம், தனக்கும் அத்தகைய 'எவுத்தனாசியா' வாய்க்கவேண்டுமென அகுஸ்து வேண்டுவானாம், சுவேத்தோனியுஸ் எழுதிவைத்துள்ளார். அங்கே அது சாகிறவன் கேட்ட வரம். 1939-இல் ஹிட்லர் கையெழுத்திட்ட ஆணையிலோ அது கொல்பவன் அளிக்கும் 'கருணை மரணம்'. ஜெர்மன் மொழியில் அங்குப் பயன்பட்ட 'க்னாடெ', இறையருளுக்கும் வழங்கும் சொல்லாகும். மனநோயாளரும் ஊனமுற்றோருமாக 70,000-க்கு மேற்பட்டோர் இரண்டே ஆண்டுகளில் நச்சுக்காற்றால் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்டு 3 அன்று முன்ஸ்டர் ஆயர் வான் காலன், பிரசங்க மேடையில் நின்று, இது கொலை என்று அதன் பெயரைச் சொன்னார். அம்மாதமே அத்திட்டம் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மறைவில் கொலைகள் தொடர்ந்தன.

தமிழில் நாம் 'கருணைக்கொலை' என்கிறோம். கிரேக்கச் சொல் மறைப்பதைத் தமிழ்ச்சொல் மறைக்கவில்லை. 'கொலை' வெளிப்படையாகவே நிற்கிறது. இது நேர்மை. எனினும் ஓர் இடத்தில் இந்நேர்மை வரம்பு மீறுகிறது. பயனற்றுப்போன கடுஞ்சிகிச்சையைக் கைவிட்டு, இயல்பாக வரும் மரணத்திற்கு இடம் கொடுப்பது வேறு. மருந்தூட்டிக் கொல்வது வேறு. முன்னதற்குத் தடையில்லை, பின்னது ஒருபோதும் ஆகாது என்று 1980-ஆம் ஆண்டில் திருச்சபை தெளிவாக அறிவித்தது. 2018-இல் நம் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்வதை நிபந்தனைகளோடு அனுமதித்தபோது, செய்தித்தாள்கள் அதனையும் 'கருணைக்கொலை' என்றே எழுதின. மருத்துவர் இனிப் பயனில்லை என்று சொன்னபின் சுவாசக் கருவியை எடுக்க இசைந்த மகனோ மகளோ, 'தாயைக் கொன்றுவிட்டோமோ' என்று வாழ்நாளெல்லாம் மனம் புழுங்குவதற்கு இந்த ஒரு சொல் போதும். அத்தகையோர் பங்குக்குருவிடம் மனந்திறந்து பேசுவது நல்லது. அவர்கள் செய்தது கொலையன்று.

நமக்கென்று பழைய சொல் ஒன்று இருக்கிறது. புனித சூசையப்பரை 'நன்மரணத்தின் பாதுகாவலர்' என்று அழைத்துச் செபிக்கிறோம். நன்மரணம் என்பது 'யூத்தனேசியா'வின் நேரான மொழிபெயர்ப்பு! அவர் நோவின்றி இறந்தார் என்றோ விரைவில் இறந்தார் என்றோ எவரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் இயேசுவும் மறுபக்கம் மரியன்னையும் இருந்தனர் என்பதே மரபு.