பள்ளி திறக்கும் நாளும் மக்கள் பிரதிநிதியின் அறிக்கையும்

ஜூன் மாதம் பிறந்ததும் கொங்கு நாட்டுக் குடியானவன் வானத்தை அண்ணாந்து பார்க்கிறான். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசத் தொடங்கினால், விதையையும் ஏரையும் சரிபார்த்து வைக்கிறான். அதே நாட்களில்தான் அவன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் திறக்கிறது. நிலத்திற்குச் செய்யும் ஆயத்தத்தில் பாதியளவாவது பள்ளிக்குச் செய்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

பள்ளி திறக்கும் பருவத்தில் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பள்ளிகளைப் பார்வையிடுவதும், பாடநூல்களை வழங்குவதும், புதிய வகுப்பறைகளைத் திறந்து வைப்பதும், தொகுதியில் நடந்த பணிகளை மக்களுக்கு எடுத்துரைப்பதும் வழக்கமாக இருந்து வருகின்றன. இச்செய்திகள் துண்டறிக்கையாகவும் மேடைப் பேச்சாகவும் நம்மை வந்தடைகின்றன. அவற்றைக் கேட்டுக் கைதட்டிக் கலைவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? அத்தகைய அறிக்கையில் நாம் எதைத் தேட வேண்டும், அதனோடு எதைச் சேர்க்க வேண்டும் என்பதைத் திருமுருகன்பூண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

பூண்டியின் நிலை

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் இடையே அமைந்த ஊர் திருமுருகன்பூண்டி. சேரமான் அளித்த பொருளைச் சுந்தரமூர்த்தி நாயனார் வேடரிடம் பறிகொடுத்துப் பின்னர் மீட்டதாகப் புராணம் கூறும் தலம் இது. கல்லில் தெய்வத் திருவுருவங்களை வடிக்கும் சிற்பக் கூடங்களுக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. பேரூராட்சியாக இருந்து 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாக உயர்ந்தது. அவிநாசி தனித் தொகுதியைச் சேர்ந்தது. அத்தொகுதியில் 2016, 2021 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட திரு. ப. தனபால், 2012 முதல் 2021 வரை சட்டமன்றப் பேரவையின் தலைவராக இருந்தவர்.

உளியோசை கேட்ட ஊரைச் சுற்றி இன்று பனியன் கம்பெனிகளும் விசைத்தறிகளும் நிறைந்துள்ளன. மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்து லைன் வீடுகளில் குடியிருக்கின்றன. கோடை விடுமுறையில் சொந்த ஊர் சென்ற குடும்பம் பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்துத் திரும்பலாம். வேறு வீடு பார்த்துப் போயும் விடலாம். இத்தகைய ஊரில், பள்ளி திறக்கும் நாளன்று வந்த பிள்ளைகளை எண்ணுவது எளிது. வராத பிள்ளைகளை எண்ணுவதுதான் அரிது.

பள்ளி திறக்கும் தேதி ஆண்டுதோறும் ஒன்றாக இருப்பதில்லை. 2023-இல் வெயிலின் கடுமையால் ஜூன் 12-ஆம் தேதிக்கும், 2024-இல் ஜூன் 10-ஆம் தேதிக்கும் தள்ளிப்போயிற்று. 2025-இல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்தது. ஆகவே தேதியை வீடு வீடாகத் தெரிவிப்பதே இப்பருவத்தின் முதல் தொண்டாகும்.

முன்னோர் காட்டிய வழி

மக்கள் பிரதிநிதி பள்ளியைத் தம் பொறுப்பாகக் கருதுவது இந்தப் பகுதிக்குப் புதிதன்று. 1903-இல் திருப்பூரில் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்து, உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வாயிலாகப் பாடம் கற்பிக்க வழி வகுத்தார். பின்னர்க் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் கல்வித் துறையை ஏற்றிருந்த காலத்தில், முதலமைச்சர் காமராசரின் ஆட்சியில், 1956-இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கப் பெற்றது.

பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தை இங்கே நினைவுகூர வேண்டும். முதல் மாநாடு கடம்பத்தூரில் கூடியது. அவ்வியக்கத்தின் முறை எளியது. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் எழுதினார்கள். ஊரார் தத்தம் சக்திக்கேற்பச் சிலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். மாநாட்டில் எது முடிந்தது, எது மீதம் என்பது பலர் அறியச் சொல்லப்பட்டது. பட்டியல், பொறுப்பேற்பு, கணக்கு என்னும் இம்மூன்றுமே இன்றைய அறிக்கைக்கும் உரைகல்லாகும்.

அறிக்கையில் காண வேண்டியவை

பள்ளியைப் பற்றிய அறிக்கை கையில் கிடைத்ததும், அதில் சொல்லப்படும் ஒவ்வொரு பணியும் எந்தக் கணக்கிலிருந்து நடந்தது என்று பார்க்க வேண்டும். மூன்று வகைகள் உண்டு.

முதலாவது, மாநில அரசு எல்லாப் பள்ளிகளுக்கும் வழங்குவது. பாடநூல், சீருடை, கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை, பகல் உணவு ஆகியவை இவ்வகை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. இவை பிள்ளைகளுக்குரிய உரிமைகள். எவருடைய தனிக் கொடையும் அல்ல. இவற்றைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, “நம் பள்ளிக்கு எத்தனை வந்தன, எத்தனை குறைகின்றன?” என்பதேயாம்.

இரண்டாவது, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. அண்மை ஆண்டுகளில் ஒரு தொகுதிக்கு ஆண்டொன்றுக்கு 3 கோடி ரூபாய் என்று இது அமைந்தது. பணம் உறுப்பினர் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட ஆட்சியர் அனுமதி அளிக்கிறார். உள்ளாட்சி அமைப்போ துறையோ நிறைவேற்றுகிறது. வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிவறை, குடிநீர் வசதி போன்ற பணிகளுக்கு இந்நிதி பயன்படுகிறது. எனவே எந்தப் பள்ளிக்கு எது தேவை என்று எழுத்து மூலமாகத் தெரிவிப்பது ஊராரின் கடமை. கேட்காத பள்ளியின் கூரை ஒழுகுவது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, உள்ளாட்சியின் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டிடங்களின் பராமரிப்பு ஒன்றியத்தைச் சார்ந்தது. நகராட்சிப் பள்ளிகளுடையது நகராட்சியைச் சார்ந்தது. குடிநீர்த் தொட்டியைக் கழுவுவதும், கழிவறையைத் தூய்மை செய்வதும், பள்ளிக்குச் செல்லும் பாதையில் விளக்கெரியச் செய்வதும் சட்டமன்றம் வரை கொண்டு செல்ல வேண்டிய காரியங்கள் அல்ல. அவை நம் கையிலேயே உள்ளன.

அறிக்கையில் இல்லாத கணக்கு

வந்த நூல்களையும் கட்டிய அறைகளையும் சொல்லும் அறிக்கை நல்ல அறிக்கையே. ஆனால் அதில் ஒரு கணக்கு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பள்ளிக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகளில் எத்தனை பேர் வரவில்லை என்பதே அது. இந்தக் கணக்கை உறுப்பினர் தாமாக எழுத முடியாது. உள்ளூரார்தான் எழுதித் தர வேண்டும்.

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் அதே பிரிவில் சொல்லப்பட்ட கடமையாகும். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளையும், உசிலம்பட்டியிலிருந்து வந்த பிள்ளையும், பூண்டியிலேயே பிறந்த பிள்ளையும் அந்தப் பதிவேட்டில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

வயதுச் சான்று இல்லையென்றோ, மாற்றுச் சான்றிதழ் இன்னும் வரவில்லையென்றோ, சேர்க்கைக் காலம் கடந்துவிட்டதென்றோ ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதி. இடையில் படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, தனிப் பயிற்சி அளித்து மற்றவர்களோடு சேர்த்துவிட வேண்டும். தமிழ் அறியாத பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் கடினமாகவே இருக்கும். ஆயினும் தெருவில் நம் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றுக்கொள்ளும் மொழியை, வகுப்பறையில் கற்காமலா போகும்?

பதினான்கு வயதின் வாசலில்

இனி இவ்வட்டாரத்தின் உண்மையான துன்பத்துக்கு வருவோம். எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்த பையனோ பெண்ணோ கோடை விடுமுறையில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டவும் துணி மடிக்கவும் செல்வதுண்டு. வாரக் கடைசியில் கூலி கைக்கு வருகிறது. வீட்டுக் கடனுக்கு அது உதவுகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. பிள்ளை கம்பெனியிலேயே தங்கிவிடுகிறது. தந்தையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வாடகையும் மளிகைக் கடன் பாக்கியும் நெருக்கும்போது அவர் கண்ணுக்கு இந்த வாரம்தான் தெரிகிறது. பிள்ளையின் இருபதாவது வயது தெரிவதில்லை. அதை எடுத்துக் காட்ட வேண்டியவர்கள் நாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாத குழந்தையைத் தொழிற்கூடத்தில் எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. மீறி அமர்த்துவோருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். குழந்தை உழைப்பைப் பற்றித் தெரிவிக்க 1098 என்னும் தொலைபேசி எண் உள்ளது.

தண்டனையைச் சொல்வதோடு வழியையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழித் தகுதித் தேர்வில் வெற்றி பெறும் ஏழை மாணவருக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப் பெற்றன. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைக்கு இத்தொகை எட்டாது என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிய வேண்டும்.

படித்தால் ஊர்த் தொழில் கெட்டுவிடும் என்னும் எண்ணமும் தவறானது. பின்னலாடைத் தொழிலுக்குப் படித்தவர் வேண்டும் என்பதற்காகவே ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் 1997-இல் திருப்பூரில் ஒரு கல்லூரி உருவாயிற்று. சிற்பியின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால், 1957-இல் நிறுவப்பட்ட மாமல்லபுரம் அரசுக் கட்டிட, சிற்பக் கலைக் கல்லூரியில் தந்தையின் கலையையே பட்டமாகப் பயிலலாம்.

நாம் செய்ய வேண்டுவன

மே 1-ஆம் தேதி ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாள். பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும் அந்த நாளிலேயே பள்ளியின் குறைகளைப் பட்டியலிட்டுத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். பூண்டியைப் போன்ற நகராட்சிகளில் 2022 நவம்பர் முதல் நடத்தப்பெற்ற பகுதி சபைக் கூட்டங்கள் இதற்கு ஏற்றவை. தீர்மானத்தின் நகல் சட்டமன்ற உறுப்பினருக்குச் சேர வேண்டும்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவினர் வருகைப் பதிவேட்டையும் குழந்தைகள் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஒரு லைன் வீட்டில் எந்தப் பிள்ளை வேலைக்குப் போகிறது என்பது அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். அண்டை வீட்டுத் தாய்க்குத் தெரியாமல் இராது. வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருவரும் குழு உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து செல்வது நலம். அதட்டிப் பேசாமல், காரணத்தைக் கேட்டறிந்து உதவ வேண்டும்.

ஜூன் 12-ஆம் தேதி குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்பு நாளாக 2002 முதல் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று உறுதிமொழி எடுப்பதோடு நில்லாமல், வராதோர் எண்ணிக்கையை உறுப்பினரிடம் நேரில் அளிக்கலாம். ஆகஸ்டு 15-ஆம் தேதி கிராம சபையில், மே மாதம் எழுதிய பட்டியலை மீண்டும் எடுத்து, முடிந்தது எது, மீதம் எது என்று சபையறியப் படிக்க வேண்டும்.

திருப்பூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்ந்த மன்றம் இல்லாத இடைக்காலங்களில் இப்பணி நின்றுவிடலாகாது. பதவி முடிந்தாலும் பிள்ளைகளின் வயது நிற்பதில்லை. முன்னாள் உறுப்பினர்களும், மகளிர் சுய உதவிக் குழுவினரும், உழவர் பெருமக்களும் இதனைத் தம் வீட்டுக் காரியம்போல் ஏற்று நடத்தலாம்.

சட்டமன்ற உறுப்பினரின் அறிக்கை மேலிருந்து கீழே வருவது. வராத பிள்ளைகளின் கணக்கு கீழிருந்து மேலே செல்ல வேண்டியது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும்போதுதான் அறிக்கை முழுமை பெறும். பறிபோன பொருள் மீண்டும் கைக்கு வந்தது என்பது பூண்டித் தலத்தின் கதை. அந்த ஊரிலும், அதைப் போன்ற எல்லா ஊர்களிலும், பள்ளியிலிருந்து விலகிப்போன ஒவ்வொரு பிள்ளையும் இந்த ஆண்டு வகுப்பறைக்குத் திரும்ப நாம் முயல்வோமாக.