பழைய வீடு வாங்குவோர் கவனத்திற்கு

நம் கடலோர ஊர்களில் முன்னோர் கட்டிய சுண்ணாம்புக் காரை வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு, வாடகைக்கு விடவோ விற்கவோ எண்ணுவோர் உங்களிலும் இருக்கலாம்.

பத்திரத்தைப் பாருங்கள். தந்தை மறைந்ததும் வீடு ஆண்மக்களுக்கு மட்டும் உரியதாகி விடுவதில்லை. மனைவிக்கும் பெண்மக்களுக்கும் ஷரீஅத் வகுத்த பங்குண்டு. சகோதரர்கள் மட்டும் கையொப்பமிட்டு விற்றால், அவர்தம் பங்கே உங்களைச் சேரும். "லாத்தா ஒன்றும் கேட்கமாட்டார்" எனும் வாய்ச்சொல்லை நம்பி மராமத்துக்குப் பணத்தை இறைப்பது பேதைமை. வில்லங்கச் சான்று வாரிசுகளைக் காட்டாது. பதிவு செய்யப்படாத வாய்மொழி ஹிபாவையும் அது காட்டாது. சகோதரிகளின் கையொப்பம், இல்லையேல் அவர்கள் பதிவு செய்து தந்த விடுதலைப் பத்திரம், கட்டாயம் வேண்டும்.

இனி, சுவர். அடிப்பகுதியில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்திருக்கும். "கொத்திவிட்டுச் சிமெண்டு பூசிவிடலாம்" என்பார் கொத்தனார். இசையாதீர்கள்! சுண்ணாம்புக் காரை, சுவரேறும் ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்டு அவ்வழியை அடைக்கும். ஈரம் உள்ளேயே தங்கி மேலேறும். உப்பு செங்கல்லை அரிக்கும். பின்னர்ப் புதுப்பூச்சே பாளம் பாளமாகக் கழன்று விழும். நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்தவர்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கின்றனர். கூலி கூடுதல், காய்வதற்கும் வாரக்கணக்கில் ஆகும். வீட்டுக்கு விலை பேசும்போதே இச்செலவைக் கணக்கில் கொள்ளுங்கள்.

தேக்கு உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் புதையும் இடத்தைக் கூரிய கம்பியால் குத்திப் பாருங்கள். மழைநீர் இறங்கி மரம் உளுப்பது பெரும்பாலும் அங்கேதான். முனை மட்டும் கெட்டிருந்தால், அதனை வெட்டிப் புதுத் தேக்கைப் பொருத்த நல்ல தச்சரால் இயலும். தளம் முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை.