கடைமடை வரை
காவிரிக் கரையிலும் கடலோரத்திலும் ஒரு சைக்கிள் பிரயாணம்

கூட்டுறவுத் துறையில் பணியாற்றுவோர் ஊர் ஊராகச் செல்வது புதிதன்று. ஆயினும், ஜீப்பில் சென்று சங்க வாயிலில் இறங்கி, பேரேட்டைப் புரட்டிவிட்டு மாலைக்குள் திரும்பும் எம் போன்றோர், அங்கத்தினரின் வீட்டிற்கும் சங்கத்திற்கும் இடையே கிடக்கும் வழியை அறிவதே இல்லை. அவ்வழியைச் சற்றே அறியும் வாய்ப்பு, அலுவல் நிமித்தமாக அன்றி, ஓர் உல்லாசப் பிரயாணத்தின் வாயிலாக எமக்குக் கிட்டியது.

2025ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் பத்து நாள் விடுப்புப் பெற்று, எம் துணைவியாருடன் பவானிக் கூடுதுறையிலிருந்து புறப்பட்டோம். பூம்புகார் வரை காவிரியை ஒட்டியும், அங்கிருந்து வேதாரணியம் வரை கடலை ஒட்டியும் செல்வதென்று திட்டம். தொலைவு 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒன்பது நாட்கள். எடுத்துச் சென்றவை சாதாரணச் சைக்கிள்கள் இரண்டு, காற்றடிக்கும் பம்பு ஒன்று, மாற்று டியூபுகள் இரண்டு, ஒட்டுப் போடும் சாமான்கள், மாற்றுடை ஆகியவையே. படுக்கைக்கு மட்டும் ஒன்றும் எடுத்துச் செல்லவில்லை. ஜமக்காளத்தின் ஊரிலிருந்து புறப்படுபவருக்கு அது எதற்கு?

பவானியில்

பவானி ஜமக்காளம் 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட இரகங்களுள் ஒன்றாக 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் அதற்கு உண்டு. இருந்தும், விசைத்தறியில் நெய்த போலிச் சரக்கு அதே பெயரில் விலைபோவதுதான் அங்குள்ள நெசவாளரின் நெடுநாள் குறை. ஒரு வீட்டில் குழித்தறியில் அமர்ந்து பெரியவர் ஒருவர் நெய்துகொண்டிருந்தார். திண்ணையில் அவருடைய மனைவியார் தார் சுற்றிக்கொண்டிருந்தார். சிறிய ஜமக்காளம் ஒன்றை விலைக்கு வாங்கினோம். அப்போது எம் துணைவியார் அந்த அம்மாளிடம், "நீங்களும் சங்கத்தில் அங்கத்தினரா?" என்று கேட்டார்.

"அவருதானுங்க மெம்பரு. நான் தாரு சுத்தறதோட சரிங்க" என்றார் அந்த அம்மாள்.

வழி நெடுக எம் துணைவியார் அவ்விடையையே நினைவூட்டி வந்தார். இழை போடுபவர் ஒருவர், தார் சுற்றுபவர் ஒருவர், துணி ஒன்று, பேரேட்டில் பெயரும் ஒன்றே. ஆண்டுதோறும் அங்கத்தினர் பட்டியலைச் சரிபார்க்கும் எமக்கு இது ஏன் ஒரு தடவையேனும் தோன்றவில்லை?

அணையும் மதகும்

ஈரோட்டின் மஞ்சள் மணத்தைக் கடந்தால் கொடுமுடி, கரூர் எல்லை, குளித்தலை என்று வாழைத் தோட்டங்கள் தொடர்ந்து வருகின்றன. தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். நாம் செல்வதோ கிழக்கு நோக்கி. ஆற்றோடு இறங்கிச் செல்கிறோமே, எளிதாக இருக்கும் என்று எண்ணியது தவறாயிற்று. நண்பகலில் காற்று எழுந்துவிட்டால், சமதரையிலும் மலையேறுவதுபோல் மிதிக்க வேண்டியிருந்தது.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. 1836இல் தொடங்கி ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. அதற்குப் பதிலாகப் புதிய கதவணை எழுந்துள்ளது. அடுத்துக் கல்லணை. அங்கு நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பங்கிடப்படுகிறது. அதன்பின் ஒவ்வொரு தலைப்பிலும் ஆறு கொடுத்துக்கொண்டே செல்கிறது.

திருவையாற்றுக்கு அப்பால் சம்பா அறுவடை மும்முரமாக இருந்தது. தார்ச் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்திற்குள் இருக்க வேண்டும் என்பது விதி. களம் இல்லாதவர் சாலையை விட்டால் எங்கே போவார்? காரில் செல்வோர் ஹாரன் அடித்துக் கடந்துவிடுகின்றனர். சைக்கிளில் செல்பவரோ இறங்கித் தள்ளிக்கொண்டுதான் செல்ல வேண்டும். இறங்கினால் பேச்சு, பேச்சுக்குப் பின் மோர். அவ்வாறு நாம் இழந்த நேரம் இழப்பன்று.

திருபுவனத்தில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் புகழை வாசகர்கள் அறிவர். விசிறி மடிப்புப் புடவைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாயூரத்தில், கூறைப் புடவைக்குப் பெயர் தந்த கூறைநாட்டைப் பார்த்துவிட்டு, ஆறாம் நாள் மாலையில் பூம்புகாரை அடைந்தோம்.

மேட்டூரில் 93 டி.எம்.சி.க்கு மேல் தேங்கக்கூடிய காவிரி, பூம்புகாரில் ஒரு வாய்க்கால் அளவே இருக்கிறது! ஆறு கடலை நெருங்க நெருங்கப் பெருகும் என்பது பொதுவான எண்ணம். காவிரியோ கொடுத்துக் கொடுத்து இளைத்தே கடலைச் சேர்கிறது.

கடலோரத்தில்

அங்கிருந்து தெற்கே திரும்பியதும், அதுவரை எதிர்த்து நின்ற காற்று முதுகைத் தள்ளத் தொடங்கியது. 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை நிற்கும் தரங்கம்பாடி, அடுத்துக் காரைக்கால், பின்னர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன கரை இது. நினைவுத் தூண்களைக் கண்ட இடங்களில் எல்லாம் இறங்கி நின்றோம்.

நாகையைக் கடந்து தலைஞாயிற்றுப் பக்கம் உள்ளே சென்றோம். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை அது. எம் முன்சக்கரம் முள்ளேறி நின்றது ஒரு சிற்றூரின் வெளியே. ஒட்டுப் போட உதவ வந்த முதிய விவசாயி, ஊர்ப் பெயரைக் கேட்டதும் எமக்குச் சுருக்கென்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் ஆய்வறிக்கையில், "இவ்வூர் அங்கத்தினர் மகாசபைக் கூட்டங்களுக்கு வருவதில்லை, சங்க நடவடிக்கைகளில் அக்கறையற்றவர்கள்" என்று நாமே எழுதியிருந்தோம்.

அதை மறைக்காமல் அவரிடம் கூறினோம். அவர் கோபிக்கவில்லை.

"கூட்டம் காலையில பத்து மணிக்குங்க ஐயா. எங்களுக்குப் பஸ்ஸு பதினொண்ணுக்கு. ஆத்துல தண்ணி விட்டாச்சுன்னு பேப்பர்ல படிப்போம்; வயலுக்கு வந்துச்சான்னு போய்ப் பார்த்தாத்தான் தெரியும். சங்கமும் எங்களுக்கு அப்படித்தாங்க" என்றார்.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுவது மரபு. 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. தலைமடையில் ஒரு வாரத் தாமதம் என்றால் கடைமடையில் அது ஒரு போகத்தையே கேள்விக்குள்ளாக்கும். அவருக்கு அவ்வாண்டு குறுவை இல்லை. அதற்கு முன்னரே, 2018 நவம்பர் 16இல் வீசிய கஜா புயலில் தென்னைகளும் போயின. புதிதாக வைத்தவை அப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருந்தன. நெல் அறுத்த வயலில் பருத்தி ஊன்ற விதை வாங்க வேண்டும். அதற்கும் அவர் பதினான்கு கிலோமீட்டர் சென்றாக வேண்டும். அப்பருத்தி நூலாகி எங்கோ ஒரு தறியில் ஏறும். பவானித் திண்ணையில் தார் சுற்றும் அம்மாளும் இவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இருவர் நிலையும் ஒன்றே, இருவரும் கடைமடையினர்.

அப்பதினான்கு கிலோமீட்டரை மறுநாள் எதிர்காற்றில் நாமே மிதித்துப் பார்த்தோம். அக்கறையின்மை எவ்வழியிலும் தென்படவில்லை. மேடும் பள்ளமுமான சாலைதான் தென்பட்டது.

ஒன்பதாம் நாள் வேதாரணியத்தை அடைந்தோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டு, 150 மைல் நடந்து வந்து உப்பெடுத்த ஊர். அவர்கள் நடந்தே வந்த வழியைச் சைக்கிளில் கடந்ததைப் பெரிதாகச் சொல்ல நாணுகிறோம். அகத்தியம்பள்ளி உப்பளத்தருகே ஜமக்காளத்தை விரித்து அமர்ந்தோம். ஒன்பது இரவு மண்ணிலும் மணலிலும் கிடந்தும் அதில் ஓர் இழை பிரியவில்லை.

பின் நிகழ்ந்தது

திரும்பியதும் எம் பழைய குறிப்பு தவறென எழுதி அனுப்பினோம். அச்சங்கத்தார் அடுத்த மகாசபையை அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில், பிற்பகலில் கூட்டினர். முன்பு ஒரு தாழ்வாரத்தில் அடங்கிய கூட்டம், அன்று முற்றத்தையும் நிரப்பியது. முதியவர் முன்வரிசையில் இருந்தார். விதையை ஊரிலேயே வழங்கவேண்டும் என்ற கோரிக்கையை எழுப்பியவரும் அவரே. அக்கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. பவானி அம்மாளின் விடைக்கும் எம்மிடம் இன்னும் பதில் இல்லை.

நிர்வாகக் குழுவினருக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் சங்கத்திற்கு மிகத் தொலைவில் குடியிருக்கும் அங்கத்தினர் யாரெனப் பட்டியலில் பாருங்கள். அவர் வீடு வரை ஒருமுறை சைக்கிளில் சென்று வாருங்கள். வீட்டில் அவரோடு உழைக்கும் மற்றவர் யார் என்பதையும் கேட்டு வாருங்கள்.