உப்புநீர் மீன்தொட்டிக்கு ஏற்ற துணை ஒளி

கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் வீடுகளிலும் பள்ளிகளிலும் பரவி வருகிறது. கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன் முதலிய அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறைகளை வகுத்துள்ளது. தொட்டி அமைப்போர் நீரின் உப்பளவிலும் வடிகட்டியிலும் செலுத்தும் கவனத்தை ஒளியில் செலுத்துவதில்லை. எந்த உயிரை வளர்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பின்னரே விளக்கைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ஒளியின் பயன்

மீன்கள் தாம் உண்ணும் இரையால் வாழ்வன. பகல் இரவு வேறுபாடு தெரியும் அளவுக்கு ஒளி இருந்தால் அவற்றுக்குப் போதும். கடல் சாமந்தியின் நிலை வேறு. கோமாளி மீன் அடைக்கலம் புகும் சாமந்தி இனங்களின் உடலினுள் நுண்ணிய ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. இவை ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவின் பெரும்பகுதி சாமந்தியைச் சேர்கிறது. சாமந்தியின் கரியமில வாயுவும் கழிவுப் பொருள்களும் பாசிக்குப் பயன்படுகின்றன. ஒளி குன்றினால் பாசி குறைகிறது. சாமந்தி நிறம் வெளுத்து, நாளடைவில் சுருங்கி மடிகிறது. வெளிறிய சாமந்தியை அழகெனக் கருதி வாங்குவோர் உண்டு. அது நலிவின் அறிகுறியே. மிகுந்த வெப்பத்தாலும் இவ்வாறு வெளுத்தல் நேரும்.

அளவும் நிறமும்

நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நல்ல வெளிச்சமுள்ள வகுப்பறையில் அது 500 லக்ஸ் அளவே இருக்கும். அதாவது இருநூற்றில் ஒரு பங்கு. நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் பழகிக்கொள்வதால் இவ்வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. ஆகவே கண் மதிப்பை நம்பி விளக்கு வாங்குதல் கூடாது.

கடல்நீர் சிவப்பொளியை மேற்பரப்பிலேயே பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. நீல ஒளியே ஆழம் செல்கிறது. சாமந்தியில் வாழும் பாசிகளும் நீல ஒளியை நன்கு ஏற்பவை. எனவே பகலொளி போன்ற வெண்ணிற விளக்குடன் நீல விளக்கொன்றைத் துணையாகச் சேர்ப்பது பொருத்தம். லக்ஸ் மானி மனிதக் கண்ணின் உணர்வைத் தழுவி அமைந்தது. நீல ஒளியை அது குறைத்தே காட்டும் என்பதை ஆசிரியர்கள் மாணவருக்கு விளக்கலாம்.

விளக்கு வகைகள்

மீன் மட்டும் உள்ள தொட்டிக்குச் சாதாரணக் குழல் விளக்கு ஒன்றே போதும். இழை பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்குவதால் ஏற்றதன்று. மெட்டல் ஹாலைடு விளக்கு மிக்க ஒளி தரும். ஆயினும் நம் கோடையில் நீரைச் சூடேற்றிவிடும். எல்.இ.டி. விளக்கு குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தருவதாலும், நீலம், வெண்மை இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வகைகள் கிடைப்பதாலும் சாமந்தித் தொட்டிக்கு அதுவே சிறந்தது. சன்னல் வெயிலை நம்பித் தொட்டியை வைத்தால் நீர் சூடேறும். வேண்டாத பாசியும் படரும்.

கவனிக்க வேண்டியவை

• விளக்கை நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் எரியவிடுக. நேரங்காட்டி விசை பொருத்துதல் நலம்.

• புதிய விளக்கின் ஒளியைச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுக. திடீரென மிகும் ஒளியும் சாமந்தியை வெளுக்கச் செய்யும்.

• மூடு கண்ணாடியில் படியும் உப்பு ஒளியைத் தடுக்கும், அடிக்கடி துடைத்திடுக.

• உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். மின்கம்பி செருகியை அடையுமுன் சற்றுத் தாழ்ந்து தொங்குமாறு விடுக. வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் இன்றியமையாதது.

பவழத்தைத் தொட்டியில் வைக்க விரும்புவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். நம் கடல்களில் பவழப் பாறைகளை அமைக்கும் பவழ இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். சாமந்திக்கு வேண்டிய ஒளியைத் தர இயலாதவர் அதனை வாங்காதிருத்தலே முறை. தொட்டியில் பகை மீன்கள் இல்லையெனில், கோமாளி மீன் சாமந்தி இன்றியும் நலமாக வாழும்.