முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா: வாங்குவோருக்குச் சட்டம் தரும் காப்பு

கிள்ளான் பள்ளத்தாக்கில் முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா பெரும்பாலும் மூன்று வழிகளில் கைக்கு வருகிறது. ஒன்று, தயாரிப்பு நிறுவனத்தின் மலேசியக் கிளை வழியாக வந்த சரக்கை விற்கும் கடை. இன்னொன்று, வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டதை இறக்கி விற்கும் கடை. புக்கிட் பிந்தாங் வட்டாரத்துக் கைப்பேசிக் கடைகளில் புழங்கும் ‘ஏபி செட்’ என்ற பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, முகநூலிலோ கரோசலிலோ விளம்பரம் போட்டுவிட்டு, கே.எல். சென்ட்ரலில் கைமாற்றித் தரும் தனிமனிதர். மூன்று இடத்திலும் கேமரா ஒன்றாகவே இருக்கலாம். பழுதானால் வாங்கியவருக்கு உள்ள உரிமை மட்டும் ஒன்றல்ல.

கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால் டிஎஸ்எல்ஆர் இப்போது முதன்மைச் சரக்கு அல்ல. கேனான் 1500டி, நிக்கான் டி3500 ஆகிய தொடக்கநிலைக் கேமராக்கள் 2018-இல் வந்தவை. பயன்படுத்திய கேமராவின் விலை இறங்கியிருப்பது புதிதாகக் கற்பவருக்கு நல்ல செய்திதான். ஆனால் கடையில் கிடப்பது பழைய இருப்பா, பழுது நீக்கித் துடைத்து வைத்ததா, வேறு நாட்டிலிருந்து வந்ததா என்று கேட்டறியும் பொறுப்பும் அதோடு சேர்ந்து வருகிறது.

எந்த நாட்டுச் சரக்கு என்பதைச் சில நேரம் கேமராவின் பெயரே காட்டிக்கொடுக்கும். இங்கே 200டி II என்று விற்கப்பட்ட கேனான் கேமரா ஐரோப்பாவில் 250டி, ஜப்பானில் கிஸ் எக்ஸ்10. மலேசியக் கடை முகப்பில் ‘கிஸ்’ என்று பொறித்த கேமரா இருந்தால் அது ஜப்பானியச் சந்தைக்குப் போக வேண்டியது. அதனால் அது போலி ஆகிவிடாது. விலையும் குறைவாக இருக்கலாம். ஆனால் மலேசிய உத்தரவாத அட்டை அதற்குச் செல்லாது. பழுது பார்க்கும் பொறுப்பு கடைக்காரரின் சொந்த வாக்கில் நிற்கும். இதை மறைத்து ‘ஒரிஜினல் மலேசியா செட்’ என்று விற்பது வேறு விஷயம். அது பொய்யான வணிக விவரிப்பு; 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். போலி பேட்டரியும், கொள்ளளவைக் கூட்டி அச்சிட்ட மெமரி கார்டும் இதே சட்டத்தில் சிக்கும்.

பயன்படுத்திய கேமராவில் கண்ணுக்குத் தெரியாத பழுதுகள் அதிகம். கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், அலமாரியில் சும்மா கிடந்த லென்ஸில் பூஞ்சை படர்வது இங்கே அன்றாடக் கதை. கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பார்த்தால், சிலந்தி இழை போன்ற வெண்கோடுகள் தெரியும். எஃப்/16-இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் சென்சரில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாக விழும். சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய்ச் சில படங்கள் எடுத்துப் பார்ப்பது முறையான வேண்டுகோள்தான். அதற்கு முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் வாங்காமலிருப்பதே நல்லது. நிக்கானில் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண் படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலான கேனான் கேமராக்களில் அப்படி இருக்காது. டி3500-இன் ஷட்டர் 100,000 இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது; அதை நெருங்கிய கேமராவுக்குப் புதியதுபோல் விலை சொல்வது நியாயமில்லை.

இனி சட்டம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கடைக்காரர் எதுவும் எழுதித் தராவிட்டாலும் விற்கும் பொருளோடு சில உத்தரவாதங்கள் தாமாகவே சேர்ந்து வரும் என்கிறது அது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும்; விவரித்தபடி இருக்க வேண்டும்; வாங்குபவர் சொன்ன தேவைக்குப் பொருந்த வேண்டும். கேமரா வாங்குவோர் அதிகம் கவனிக்காமல் விடுவது இந்த மூன்றாவதைத்தான்.

எடுத்துக்காட்டாக, டி3500 வைத்திருக்கும் ஒருவர், பிறந்தநாள் விழாக்களில் ஓடும் குழந்தைகளைப் படமெடுக்க ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வேண்டும் என்று கேட்கிறார். கடைக்காரர் 50 மி.மீ. ‘ஏஎஃப்-டி’ லென்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். லென்ஸில் குறையே இல்லை. ஆனால் ஏஎஃப்-டி வகைக்கு ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள் இருக்க வேண்டும். டி3500-இல் அது கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் கையால் வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். தேவையைச் சொல்லி, கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கியவருக்கு இங்கே சட்டம் துணை நிற்கும். ஒன்றும் சொல்லாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவரின் நிலை பலவீனமானது. ஆகவே என்ன கேமராவுக்கு, எதற்காக என்பதை வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலையும் அதிலேயே வாங்கி வைப்பது பின்னால் சாட்சியாகும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கல்லாவுக்கு மேலே தொங்கும் பலகை இந்த உத்தரவாதங்களை அழிக்காது. அவற்றை ஒப்பந்தம் போட்டு விலக்க முடியாது. பழுதான பொருளோடு வருபவரிடம் ‘நீங்களே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்’ என்று கைகழுவுவதும் எடுபடாது. நிறுவன உத்தரவாத அட்டை வேறு. சட்டம் தரும் உத்தரவாதம் வேறு. இரண்டாவதற்கு விற்ற கடையும் பதில் சொல்ல வேண்டும். சரிசெய்யக்கூடிய பழுது என்றால் முதலில் அதற்கு நியாயமான கால அவகாசம் தர வேண்டும். கடை மறுத்தால் வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது பொருளை நிராகரிக்கலாம். பழுது பெரியது என்றால் நேரடியாகவே நிராகரிக்கலாம். ஆனால் நிராகரிக்கும் உரிமை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டியது. தீபாவளிக்கு வாங்கிய கேமராவைப் பெட்டியிலேயே வைத்திருந்து தைப்பூசத்துக்கு எடுத்துப் பார்ப்பவர் அந்த உரிமையை ஆபத்தில் வைக்கிறார்.

சட்டத்தின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். மனம் மாறிவிட்டது, வேறு மாடல் பிடித்திருக்கிறது என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமை இதில் இல்லை. விற்பதற்கு முன்பே சுட்டிக்காட்டப்பட்ட குறையைப் பின்னர்ப் பழுது என்று சொல்ல முடியாது. ரசீதின் மூலையில் ‘லென்ஸில் பூஞ்சை உண்டு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதோடு முடிந்தது. உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலம்வரை கிடைக்க வேண்டும் என்ற உத்தரவாதம் உண்டு என்றாலும், கிடைக்காது என்று விற்கும்போதே தெரிவித்துவிட்டால் அது பொருந்தாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தச் சட்டம் வணிகம் செய்பவரைத்தான் கட்டுப்படுத்தும். சொந்தக் கேமராவை விற்றுத் தீர்க்கும் தனிமனிதருக்கு அது பொருந்தாது.

தனிமனிதரிடம் வாங்குவதில் வேறு இரண்டு ஆபத்துகள் உண்டு. கேமரா திருட்டுப் பொருளாக இருந்தால், தெரிந்தே வாங்கியவருக்குத் தண்டனைச் சட்டம் 411-ஆம் பிரிவு காத்திருக்கிறது. தெரியாமல் வாங்கியவரும் பொருளை இழக்க நேரலாம். பெட்டியும் பழைய ரசீதும் கேட்டு, கேமராவின் வரிசை எண்ணை அவற்றோடு ஒப்பிடுவது இதற்காகத்தான். மற்றொன்று முன்பண மோசடி. பணம் அனுப்பும் முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணை போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதிக்கலாம். அனுப்பிய பிறகே மோசடி என்று தெரிந்தால், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையும் வங்கியையும் உடனே அழைத்துவிட்டு, போலீஸ் புகார் செய்ய வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு.

கடையோடு தகராறு என்றால் முதல் படி, பழுதையும் கோரிக்கையையும் எழுத்தில் தெரிவித்து, பதிலுக்கு நாள் குறிப்பது. பொய் விவரிப்பு, விலைப் பலகை ஏமாற்று, பெட்டியில் இருக்க வேண்டிய சார்ஜருக்குத் தனியாகப் பணம் பறிப்பது போன்றவற்றை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். அமைச்சு கடையின் மீது நடவடிக்கை எடுக்கும். பணத்தை மீட்டுத் தருவது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தின் வேலை. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா.

அங்கே மனுவுக்கான கட்டணம் 5 ரிங்கிட். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கோரிக்கையின் உச்ச வரம்பு 2019 திருத்தத்தில் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ஆக உயர்த்தப்பட்டது. தொடக்கநிலைக் கேமராவும் லென்ஸும் அதற்குள் தாராளமாக அடங்கும். தகராறு எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. வாங்கியவரும் விற்றவரும் நேருக்கு நேர் பேச வேண்டும். ஆகவே ரசீது, உத்தரவாத அட்டை, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி, பழுது தெரியும் படங்கள், கூடுமானால் கேமராவையே எடுத்துச் செல்வது நல்லது. ரசீதில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இல்லாமல் வெறுமனே ‘கேமரா’ என்று மட்டும் இருந்தால், எந்தக் கேமரா என்ற கேள்வியிலேயே நேரம் போகும். விசாரணை தொடங்கி 60 நாளுக்குள் தீர்ப்பு சொல்ல மன்றம் முயல வேண்டும் என்பது விதி. அந்தத் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத கடைக்காரர் மீது குற்ற வழக்குத் தொடுக்கலாம்.