உங்களுக்குத் தெரியுமா? ஊரார் வழக்கு, உங்களுக்குத் தீர்ப்பு

செங்கல்பட்டு மாவட்டக் கடலோர ஊரான கடப்பாக்கத்தைச் சேர்ந்த ஒருவர் நில வழக்குக்காகக் கோர்ட் ஏறினால், வக்கீலின் காகிதக் கட்டுக்குள் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய வழக்கின் தீர்ப்பு நகலும் இருக்கும். அதற்கு அங்கே என்ன வேலை?

● கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டை 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். இரு நாட்டு நீதிமுறையும் வேறு வேறு. ஒரு வழக்கைத் தீர்க்கும் சாக்கில் நீதிபதி எல்லாருக்குமான விதி போடக் கூடாது என்கிறது 1804-ன் பிரெஞ்சு சிவில் சட்டம். ஆங்கிலேய முறையிலோ மேல் கோர்ட் சொன்னது கீழ் கோர்ட்டைக் கட்டுப்படுத்தும்.

● 1862-ல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம், சரியாக நூறு ஆண்டு கழித்து, 1962-ல் புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. இன்று அதன் தீர்ப்பு கடப்பாக்கத்தையும் கட்டும், புதுச்சேரியையும் கட்டும்.

● கணவர் அனுமதி தராமல் இறந்துவிட்டாலும், அவருடைய பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம் என்பது அன்றைய சட்டம். ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் 1868-ல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது இது. வழக்கு ஒரு ராணியுடையது. பலன் சென்னை மாகாணத்தின் சாதாரணக் குடும்பங்களுக்கும் கிடைத்தது.

● உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவு. ஆனால் தீர்ப்பின் ஒவ்வொரு வரியும் அப்படிக் கட்டாது. முடிவுக்கு அடிப்படையான சட்டக் காரணம் மட்டுமே கட்டும்; போகிற போக்கில் சொன்ன கருத்து கட்டாது.

● பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்கே மாதத்துக்குள், டிசம்பர் 11-ல், அந்தத் தீர்ப்பையே எடுத்துக்காட்டி, கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக இன்னொரு தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர் காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன். பாலாறு கடலில் கலப்பதும் கடப்பாக்கத்துக்கு வடக்கே, இதே செங்கல்பட்டுக் கரையில்தான்.

● அந்த இறால் தீர்ப்பை வக்கீல்கள் ‘(1997) 2 எஸ்.சி.சி. 87’ என்று குறிப்பார்கள். எஸ்.சி.சி. என்ற தீர்ப்புத் தொகுப்பில் 1997-ஆம் ஆண்டு, 2-ஆம் தொகுதி, 87-ஆம் பக்கம். தீர்ப்பைத் தேடிப் பிடிக்க இவ்வளவு போதும்.

● தீர்ப்பு கோர்ட்டைக் கட்டும். ஆனால் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றலாம். 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், நிபந்தனைகளோடு இறால் பண்ணைகளுக்கு மறுபடி வழி திறந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கூடாது என்பது அன்று விதித்த நிபந்தனைகளில் ஒன்று.

● தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்ற முடியாது என்று 1898-ல் கட்டிப்போட்டுக்கொண்ட, அன்றைய இங்கிலாந்தின் உச்ச கோர்ட்டான பிரபுக்கள் சபை, 1966-ல்தான் அந்தக் கட்டை அவிழ்த்தது. நம் உச்ச நீதிமன்றம், தன் தீர்ப்பைத் தானே மாற்றலாம் என்று 1955-லேயே சொல்லிவிட்டது.

● நெருக்கடி நிலையில், காவலில் இருப்பவர் விடுதலை கேட்டுக் கோர்ட்டை அணுக முடியாது என்று 1976-ல் தீர்ப்பளித்தவர்களில் நீதிபதி ஒய்.வி.சந்திரசூட்டும் ஒருவர். 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வில், அது தவறு என்று எழுதி ரத்து செய்தவர் அவருடைய மகன் டி.ஒய்.சந்திரசூட்.

● உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை ‘இ-எஸ்.சி.ஆர்.’ தளத்தில் 2023 முதல் யாரும் காசில்லாமல் படிக்கலாம். வழக்குப் போடும் முன் வக்கீலிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “இந்த விஷயத்தில் மேல் கோர்ட் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறது?”