பக்கத்தில் இருந்தும் பதிவாகாத மலை

(தொடர் – 11)

2024 பிப்ரவரி 19 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டமன்றத்தில் வாசித்த பட்ஜெட்டில், செய்தித்தாள்கள் பெரிதாகப் போடாத அறிவிப்பு ஒன்று இருந்தது. தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் இனவரைவியல் நோக்கில் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பல ஆண்டுகளாகப் பலர் கேட்டுவந்தது இது. நீலகிரியில் அதற்காக உழைத்தவர்களைப் பற்றிச் சென்ற வாரங்களில் விரிவாகவே பார்த்தோம்.

ஆனால் அந்த ஐந்து பெயர்களில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடியின் பெயர் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாநிலத்தில் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, சித்தேரி, ஜவ்வாது, பச்சைமலை எனக் கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் வாழும் தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று தங்கள் தோற்றக் கதையைச் சொல்வார்கள். எந்த மலை யாருக்கு என்பது கேட்கும் ஊரைப் பொறுத்து மாறும். அந்த வேறுபாடுகளை மலைமலையாகச் சேகரித்து ஒப்பிட்டாலே நல்ல நூல் ஒன்று கிடைக்கும்.

இந்த வாரம் பச்சைமலைக்குப் போவோம். திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம் என்று போய் மலைச்சாலையில் ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்ட மலை இது. திருச்சிப் பக்கத்தில் வண்ணாடு, தென்பறநாடு, கோம்பைநாடு என்று நாடுகளாகப் பிரிந்த ஊர்கள். அரசாங்கம் பஞ்சாயத்து என்று எழுதினாலும், ஒருவர் எந்த ஊர் என்று விசாரிக்கும்போது நாட்டின் பெயர்தான் முதலில் வரும். மாநகரத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். வார இறுதியில் மங்களம் அருவிக்கு வரும் கூட்டமும் அப்படித்தான் வந்து போகிறது.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மலையின் பாட்டும் சடங்கும் ஏன் பதிவாகவில்லை? பக்கத்தில் இருப்பதே காரணம் என்று தோன்றுகிறது. நீலகிரியோடு ஒப்பிட்டால் இது புரியும். அங்குள்ள தோடர்கள் சுமார் 2,000 பேர். அவர்களைப் பற்றி டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906-இலேயே பெரிய நூலை வெளியிட்டார். 1930-களில் அங்கே வந்து மொழி கற்ற மொழியியலாளர் எமனோ, 1971-இல் தோடர் பாடல்களைத் தனி நூலாக்கினார். தருண் சாப்ரா என்ற ஊட்டிப் பல்மருத்துவர் பல ஆண்டுகள் தோடர்களோடு பழகி அவர்களுடைய நிலத்தையும் கோயில்களையும் எழுதினார். இன்று வாசமல்லி போன்ற தோடர் பெண்களே தங்கள் மொழிக்காகப் பேசுகிறார்கள். வேற்று மொழி, வேற்று உடை, எருமைக் கோயில் என்று ஆய்வாளரை இழுக்க அங்கே எல்லாம் இருந்தன.

பச்சைமலையில் இறங்கும் ஆய்வாளர் காதில் விழுவது தமிழ். கண்ணில் படுவது அடிவாரத்தில் பார்த்த அதே வேட்டி, சேலை. “இவர்களிடம் தனியாக என்ன இருக்கிறது?” என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் மலையாளிகளுக்கும் இடம் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி மணமுறை, சாதிப் பஞ்சாயத்து, தோற்றக் கதை. தாலாட்டு எந்த மெட்டில் போகிறது, சாவு வீட்டில் யார் முதலில் எடுத்துக்கொடுக்கிறார், சாமி அழைக்கும்போது யார் யாருடைய பெயரைச் சொல்கிறார் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் மலைக்கு ஏறித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பக்தவத்சல பாரதி தமிழகப் பழங்குடிகளைப் பற்றி எழுதிய நூலைத் திருச்சி மாவட்டத்துப் புத்தாநத்தத்திலிருந்து இயங்கும் அடையாளம் பதிப்பகம் கொண்டுவந்தது. எல்லாப் பழங்குடிகளையும் ஒரு நூலுக்குள் அறிமுகம் செய்யும் வேலை அது. அடுத்த படியாக மலைக்கொரு நூல் வர வேண்டும்.

எழுதாமல் விட்டால் போவது பாட்டு மட்டுமில்லை. பழங்குடிப் பட்டியலில் மலையாளிகளின் பெயர் மாவட்டக் கணக்கோடுதான் இருக்கிறது: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அந்தக் கணக்குக்கு வெளியே நின்று பல ஆண்டுகளாகச் சான்றிதழுக்குப் போராடுகிறார்கள். ஒரு கூட்டம் பழங்குடியா இல்லையா என்று அரசு ஆராயும்போது சடங்கு, உறவுமுறை, வழிபாடு ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. அப்போது எடுத்துக்காட்ட ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியைத் தவிரப் பதிவு இல்லையென்றால், இழப்பு அந்தப் பிள்ளைகளின் கல்லூரி இடத்தில் தெரியும்.

மலையின் வேளாண்மையும் மாறிவிட்டது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளி. கிழங்கு லாரியில் ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. காசு கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் சாமையை உரலில் இட்டுக் குத்தும் வேலை நின்றால், உலக்கை போடும் கைகளுக்காகப் பாடிய பாட்டுக்கு இடமில்லாமல் போகிறது. பக்கத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் வேலையைத் தொடங்கியபோது இந்தச் சிக்கலைத்தான் நேருக்கு நேர் சந்தித்தது. சாமை பயிரிடாததற்குப் பெண்கள் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று, குத்திப் புடைக்கும் பாடு. சிறுதானியம் உரிக்கும் இயந்திரங்கள் ஊருக்கு வந்தன. விதை வங்கிகள் வந்தன. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை என்ற பெயர்கள் அந்த மக்களிடமிருந்து ஆய்வேடுகளுக்குள் ஏறின. விதை பிழைத்தது. குத்தும் பாட்டுக்கு இயந்திரத்தின் பக்கத்தில் இடமில்லை. அதனால்தான் விதையைச் சேகரிக்கும் கையோடு பாட்டையும் பதிந்துவிட வேண்டும்.

திருச்சி நகரத்துக்குள்ளேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் ஒன்று உண்டு. புனித ஜோசப் கல்லூரியில் 1967-இல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம். அதை உருவாக்கிய பாதிரியார் கே.எம். மாத்யூ தன் மாணவர்களோடு மலைமலையாக ஏறி இறங்கினார். 1981 முதல் 1983 வரை வெளிவந்த அவருடைய தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் (Carnatic) பகுதித் தாவர நூலில் பச்சைமலையும் உண்டு. 2004-இல் அவர் காலமானார். அங்கே செடிகளைக் காய வைத்து ஒட்டிய தாள்கள் இன்னும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. காரணம், ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒட்டிய சிறு சீட்டு: எந்த இடம், என்ன உயரம், எந்தத் தேதி, யார் பறித்தது. அந்தச் சீட்டு இல்லையென்றால் அது வெறும் சருகு.

பாட்டுக்கும் இதே சீட்டு வேண்டும். ஆர்னால்ட் பாகே என்ற டச்சுக்காரர் 1938-இல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்தார். 1984-இல் இசை ஆய்வாளர்களான நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களைத் தேடி வந்தார்கள். பாகே இடத்தையும் நாளையும் குறித்து வைத்திருந்ததால்தான் 46 ஆண்டுகள் கழித்து எது தொடர்கிறது, எது மாறியிருக்கிறது என்று அவர்களால் பார்க்க முடிந்தது. இன்று செல்பேசியில் எடுத்து வாட்ஸாப்பில் சுற்றும் மலைப்பாட்டுக் காணொளிகள் ஏராளம். பாடியவர் பெயர், ஊர், எந்தச் சடங்கு, பாடியவரின் சம்மதம், இவை ஒன்றும் கூடவே வருவதில்லை. பத்து வருடம் கழித்து அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வேலையை யார் செய்வது? வெளியூர் ஆய்வாளருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதைக் கோத்தகிரி காட்டியிருக்கிறது. கீஸ்டோன் அறக்கட்டளை 2013-இல் தொடங்கிய ரேடியோ கோத்தகிரியில், 90.4 அலைவரிசையில், மலை மக்களே தங்கள் மொழிகளில் நிகழ்ச்சி தயாரிக்கிறார்கள். நிகழ்ச்சிக்காகப் பாட்டியிடம் போய்க் கேட்ட பேத்தி, பதிவோடு பாட்டையும் கற்றுக்கொண்டு திரும்புகிறாள்.

பச்சைமலையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். சின்ன இலுப்பூர் அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2024-இல் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பிடித்தபோது நாடே பேசியது. அவரைப் போல் மேற்படிப்புக்கு இறங்கிவரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ஊருக்குப் போகும் ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு பெரியவர், ஒரு பாட்டு, ஒரு சீட்டு என்று அவர்கள் தொடங்கினால் போதும். துறையூர், திருச்சிக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொள்ளலாம்: வண்ணாட்டை ஒரு கல்லூரி, தென்பறநாட்டை இன்னொன்று, கோம்பைநாட்டை மற்றொன்று. பதிவின் ஒரு பிரதி கல்லூரியில் இருக்கட்டும்; இன்னொன்று கட்டாயம் பாடியவரின் ஊர்ப் பள்ளியில் இருக்க வேண்டும். ஆவணப்படுத்தும் திட்டத்தின் அடுத்த பட்டியலில் மலையாளிகளையும் சேர்க்கச் சொல்லி அரசுக்கு எழுதும்போது, அந்தப் பதிவுகளையே கையோடு கொடுக்கலாம்.

(அடுத்த வாரம்: கொல்லிமலை)